மூன்றாம் ஆண்டில் களவு போகும் பட்டம்

கணினி அறிவியலில் இளநிலைப் பொறியியல் பயிலும் மாணவருக்கு நான்கு ஆண்டுகள் என்பது கணக்கு. அவருடைய பட்டத்தின் மதிப்பைத் தீர்மானிப்பவையோ ஐந்தாம் பருவம் முதல் ஏழாம் பருவம் வரையிலான ஒன்றரை ஆண்டுகளே. அதற்கு முன் அவர் கற்கும் நிரலெழுத்தின் தொடக்கப் பாடங்களை இன்று எவரும் எங்கிருந்தும் கற்கலாம். ஒரு கைப்பேசியும் கொஞ்சம் பொறுமையும் போதும். பின்னர் வரும் பாடங்களின் இயல்பு வேறு. இயங்குதளம், கம்பைலர் வடிவமைப்பு, கணிமைக் கோட்பாடு, கணினிக் கட்டமைப்பு, வலையமைப்பு, தரவுத்தளம், பரவல் அமைப்புகள் ஆகியவை தனியாக உட்கார்ந்து எளிதில் கற்றுவிடக் கூடியவை அல்ல. ஆசிரியரும், ஆய்வகமும், உடன் பயில்வோரும், திருத்தித் தரப்படும் பிழைகளும் அவற்றுக்கு வேண்டும். கல்லூரி என்ற ஒன்று கணினித் துறைக்குத் தேவைப்படுவதே இந்தப் பாடங்களுக்காகத்தான்.

இவற்றைக் கற்கும் வரை மாணவர் கணினியைப் பயன்படுத்துபவர். தாம் எழுதிய நிரல் எவ்வாறு இயந்திரக் கட்டளைகளாக மாறுகிறது, பத்து நிரல்கள் ஒரே நினைவகத்தை எவ்வாறு மோதாமல் பகிர்கின்றன, பாதி வழியில் மின்சாரம் போனாலும் வங்கிக் கணக்கின் தொகை ஏன் பிசகுவதில்லை என்பவை அதுவரை அவருக்கு மந்திரங்கள். மூன்றாம் ஆண்டில் அந்த மந்திரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ வேண்டும். அவை கழலாமலேயே பட்டம் பெறுபவரின் கையில் இருப்பது நான்கு ஆண்டுச் செலவின் ரசீது மட்டுமே.

இந்திய நாட்டின் பொறியியல் கல்விச் சந்தை இன்று திட்டமிட்டுச் சுருக்கிக்கொண்டிருப்பது இந்த ஒன்றரை ஆண்டுகளைத்தான்.

சுருக்கும் முறை எளியது. பட்டத்தின் பெயர் மாற்றப்படுகிறது. 2019இல் ஹைதராபாத் ஐஐடி செயற்கை நுண்ணறிவில் இளநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. குறைந்த எண்ணிக்கையில் மாணவர்களும், அத்துறையில் ஆய்வு செய்யும் ஆசிரியர்களும் உள்ள ஒரு நிறுவனம் செய்த சோதனை அது. அதே காலத்தில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ‘வளர்ந்துவரும் துறைகள்’ என்ற பட்டியலைக் கையில் எடுத்தது. நாடெங்கும் இணைப்புக் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் அதைப் பற்றிக்கொண்டன. செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும், செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், இணையப் பாதுகாப்பு, பொருள்களின் இணையம் என ஒரே கட்டடத்தில், பெரும்பாலும் ஒரே ஆசிரியர்களைக் கொண்டு, நான்கைந்து பெயர்ப்பலகைகள் முளைத்தன. 2024ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஒப்புதல் விதிகளில், நன்கு செயல்படும் கல்லூரிகளுக்கு ஒரு பாடப்பிரிவில் இவ்வளவு இடங்களுக்கு மேல் கூடாது என்றிருந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது. கட்டடப் பொறியியலிலும் இயந்திரப் பொறியியலிலும் காலியான வகுப்பறைகள் கணினியின் பெயரால் நிரப்பப்பட்டன.

பெயர் மாறியதில் மட்டும் குற்றமில்லை. குற்றம் கணக்கில் இருக்கிறது. 2018இன் மாதிரிப் பாடத்திட்டம் நான்காண்டுப் பட்டத்தின் மொத்தத் தகுதிப் புள்ளிகளை 160ஆகக் குறைத்தது. அந்தச் சட்டத்துக்குள் புதிய பாடம் ஒன்று நுழைய வேண்டுமானால் பழைய பாடம் ஒன்று வெளியேறியாக வேண்டும். வெளியேறியது எது? புதிய பெயர் தாங்கிய பட்டங்கள் பலவற்றின் பாடத்திட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரே போக்கு கண்ணில் படும். கம்பைலர் வடிவமைப்பு கட்டாயப் பாடத்திலிருந்து விருப்பப் பாடமாகிறது. கணிமைக் கோட்பாடு வேறொரு பாடத்தின் இரண்டு அலகுகளாகச் சுருங்குகிறது. இயங்குதளத்துக்கு வகுப்பு உண்டு, ஆய்வகம் இல்லை. அந்த இடங்களில் தரவுக் காட்சிப்படுத்தல், மேகக் கணிமைச் சேவைகள், ஏதோ ஒரு நிரல்தொகுப்பின் பயன்பாடு ஆகியவை அமர்கின்றன. நிறுவனம் ஒன்று தன் பொருளை விற்பதற்காக இலவசமாகவே வழங்கும் பயிற்சிக்குக் கல்லூரி தகுதிப் புள்ளி வழங்குகிறது. மாணவர் கட்டணம் செலுத்துகிறார்.

‘விருப்பப் பாடம்’ என்ற சொல்லையும் நம்புவதற்கில்லை. பாடத்திட்ட ஏட்டில் முப்பது விருப்பப் பாடங்கள் அச்சாகியிருக்கும். கல்லூரி நடத்துவது இரண்டோ மூன்றோதான். எந்த ஆசிரியருக்கு எந்தப் பருவத்தில் வேலை குறைவோ, அவருக்குத் தெரிந்த பாடமே அந்த ஆண்டின் விருப்பம். மாணவரின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. கால அட்டவணையின் வசதிக்கு அப்பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. கம்பைலரை விருப்பப் பட்டியலுக்குத் தள்ளுவது என்பது நடைமுறையில் அதைப் புதைப்பதே ஆகும்.

இதற்குச் சொல்லப்படும் முதல் நியாயம் காலமாற்றம். ‘உலகம் செயற்கை நுண்ணறிவை நோக்கிப் போகிறது, இன்னமும் பக்கமிடலையும் பாகுபடுத்தலையும் கற்றுக்கொண்டிருப்பதா?’ என்று கருத்தரங்க மேடைகளில் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலர் செயற்கை நுண்ணறிவின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்ததில்லை என்பதற்கு அந்தக் கேள்வியே சான்று.

மொழி மாதிரிகளை எடுத்துக்கொள்வோம். ஒரு பெரிய மாதிரி விடையளிக்கும்போது, இதுவரை வந்த ஒவ்வொரு சொற்கூறுக்கும் உரிய இடைக்கணிப்புகளை ஜிபியு நினைவகத்தில் சேமித்து வைக்க வேண்டும். விடை எவ்வளவு நீளும் என்பது முன்கூட்டித் தெரியாது. எனவே தொடக்கக்கால அமைப்புகள் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் உச்ச நீளத்துக்கான தொடர்ச்சியான இடத்தை ஒதுக்கி வைத்தன, பெரும்பகுதி வீணாயிற்று. 2023இல் பெர்க்லி ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘பேஜ்டு அட்டென்ஷன்’ கட்டுரை அளந்து சொன்னபடி, அத்தகைய அமைப்புகளில் இதற்கென ஒதுக்கப்பட்ட நினைவகத்தில் உண்மையில் பயன்பட்டது 20.4 முதல் 38.2 விழுக்காடு மட்டுமே. அவர்கள் கண்ட தீர்வு என்ன? நினைவகத்தைச் சிறு பக்கங்களாக வெட்டி, எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று ஓர் அட்டவணையில் குறித்து, தேவைப்படும்போது மட்டும் புதிய பக்கத்தை ஒதுக்குவது. 1962இல் மான்செஸ்டரின் அட்லஸ் கணினியில் இயங்கத் தொடங்கிய அதே எண்ணம். இயங்குதளப் பாடத்தில் ‘மெய்நிகர் நினைவகம்’ என்ற தலைப்பில் அறுபது ஆண்டுகளாகக் கற்பிக்கப்படும் அதே எண்ணம். தம் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை அக்கட்டுரையின் ஆசிரியர்களே தெளிவாகச் சொல்கிறார்கள். அக்கட்டுரை வெளியானதும் இயந்திரக் கற்றல் மாநாட்டில் அன்று, இயங்குதளக் கோட்பாடுகளுக்கான மாநாட்டில்.

அதற்கு முந்தைய ஆண்டில் வந்த ‘ஃப்ளாஷ் அட்டென்ஷன்’ இன்னும் தெளிவான பாடம். அது கணக்கின் விடையை மாற்றவில்லை. சில்லுக்குள் இருக்கும் சிறிய, வேகமான நினைவகத்துக்கும் வெளியே இருக்கும் பெரிய, மெதுவான நினைவகத்துக்கும் இடையே தரவு எத்தனை முறை போய்வருகிறது என்பதை எண்ணிப் பார்த்து, அந்தப் போக்குவரத்தைக் குறைத்தது. கணினிக் கட்டமைப்புப் பாடத்தில் நினைவகப் படிநிலையை ஒழுங்காகப் படித்தவருக்குத் தோன்றக்கூடிய எண்ணம் அது. மாதிரிகளைப் பல்வேறு சில்லுகளுக்கு ஏற்ப இயந்திரக் கட்டளைகளாக்கும் டிவிஎம், எம்எல்ஐஆர், ட்ரைடன் ஆகிய மூன்றும் கம்பைலர் துறையின் பிள்ளைகள். செயற்கை நுண்ணறிவு என்ற பெயரால் எந்தப் பாடங்கள் அகற்றப்படுகின்றனவோ, அந்தப் பாடங்களின் மேல்தான் செயற்கை நுண்ணறிவு நின்றுகொண்டிருக்கிறது. இயங்குதளமும் கம்பைலரும் கல்லாமல் அத்துறையில் பட்டம் பெறும் மாணவர் பிறர் கட்டிய மாதிரியை மூன்று வரியில் அழைக்கக் கற்றிருப்பார். அந்த மூன்று வரியை இன்று அந்த மாதிரியே எழுதித் தருகிறது.

ஆய்வுலகம் எட்டாத உயரம் என்று ஒதுக்குபவர்கள் அன்றாடத்தைப் பார்க்கட்டும். 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பு உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்கள் கையால் எழுதித் தரப்பட்டன. காரணம், 20 உள்ளீடுகளை மட்டும் தரும் நிரலிடம் 21ஆவது உள்ளீடு எதிர்பார்க்கப்பட்டது. நிரல் தனக்குரிய எல்லைக்கு வெளியே நினைவகத்தைப் படிக்க முயன்றது. சாதாரணச் செயலியில் நடந்திருந்தால் அச்செயலி மட்டும் நின்றிருக்கும். இயங்குதளத்தின் கருவகத்தில் நடந்ததால் கணினியே விழுந்தது. பயனர் நிலைக்கும் கருவக நிலைக்கும் இடையில் ஏன் ஒரு மதில் இருக்கிறது என்பது இயங்குதளப் பாடத்தின் முதல் மாதத்தில் வரும் செய்தி.

யுபிஐ இன்னும் அருகிலிருக்கும் சான்று. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் ஆயிரம் கோடிப் பரிவர்த்தனைகளைக் கடந்த அமைப்பு அது. 2025 ஏப்ரலில் அது சில மணி நேரம் தடுமாறியபோது தேசியக் கொடுப்பனவுக் கழகம் சுட்டிய காரணங்களுள் ஒன்று, பரிவர்த்தனையின் நிலை என்னவென்று வங்கிகள் திரும்பத் திரும்ப அனுப்பிய வேண்டுகோள்களின் வெள்ளம். விடை வரவில்லை என்றால் உடனே மறுபடி கேட்பது, நெரிசலில் தவிக்கும் அமைப்பை மேலும் நெரிக்கும். ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டித்துக் காத்திருந்து கேட்க வேண்டும். இது வலையமைப்புப் பாடத்தில் ஈத்தர்நெட் மோதலைக் கற்பிக்கும்போதே சொல்லப்படுவது. காய்கறி வண்டிக்காரரின் அன்றைய வரவு இந்தப் பாடத்தின் மேல் நிற்கிறது. இதைக் ‘காலாவதியான பாடம்’ என்று சொல்ல ஒரு துணிவு வேண்டும்.

ஆனால் வழக்கின் மறுபக்கத்தையும் ஒளிக்கக் கூடாது. அடிப்படைப் பாடங்களைக் காக்கக் கிளம்பும் பேராசிரியர்கள் பலர், தாங்களே அவற்றை எப்படிக் கொன்றார்கள் என்பதைப் பேசுவதில்லை. 98, 183, 37, 122, 14, 124, 65, 67. வட்டின் தலை 53இல் இருக்கிறது. நாட்டின் எந்த மூலையில் கணினி அறிவியல் படித்தவரும் இந்த எண்களை உடனே அடையாளம் காண்பார். புகழ்பெற்ற இயங்குதள நூல் ஒன்றின் எடுத்துக்காட்டு அது. வந்த வரிசையில் சென்றால் தலை நகரும் தொலைவு 640, அருகிலிருப்பதை முதலில் எடுத்தால் 236. விடைகூட மனப்பாடம். சுழலும் தட்டே இல்லாத திண்மநிலை வட்டுகள் வகுப்பிலிருக்கும் எல்லா மடிக்கணினிகளிலும் வந்த பிறகும் தலையை நகர்த்தும் அந்தக் கணக்குக்கு மதிப்பெண் கிடைத்துக்கொண்டிருக்கிறது. வங்கியாளர் அல்காரிதத்துக்கு ஓர் அட்டவணை, பெலேடியின் முரணுக்கு ஓர் எண்வரிசை, பாகுபடுத்தலுக்கு ஃபர்ஸ்ட், ஃபாலோ கணங்கள். எண்களை மாற்றிக் கேட்டாலே ‘பாடத்திட்டத்துக்கு வெளியிலிருந்து வினா’ என்று புகார் எழுகிறது. ஆய்வக வகுப்பு என்பது சென்ற ஆண்டு மாணவரின் பதிவேட்டை இந்த ஆண்டு மாணவர் படியெடுக்கும் சடங்கு. ஒரு கம்பைலரைக்கூட எழுதாமல் கம்பைலர் பாடத்தில் முழு மதிப்பெண் பெறலாம், பெறுகிறார்கள்.

அப்படிக் கற்பிக்கப்பட்ட மாணவர் ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்டால் அவர் சோம்பேறி இல்லை. அவருக்குக் காட்டப்பட்டது பாடத்தின் பிணம். பிணத்தை எரிக்கச் சொல்லும் சந்தைக்காரருக்கும், அதற்கு மாலை போட்டு வைத்திருக்கும் மரபுக்காரருக்கும் இடையில் அவர் நிற்கிறார்.

உயிருள்ள பாடம் எப்படியிருக்கும் என்பது யாரும் அறியாத இரகசியமில்லை. எம்ஐடியில் கற்பித்தலுக்கென்றே எழுதப்பட்ட ‘எக்ஸ்வி6’ என்னும் சிறிய இயங்குதளத்தின் மூலநிரல் முழுவதையும் ஒரு பருவத்தில் படித்துவிடலாம். பத்தாயிரம் வரிகளுக்கும் குறைவு. இலவசமாகக் கிடைக்கிறது. பழைய மடிக்கணினியிலும் ஓடுகிறது. அதில் ஒரு புதிய அமைப்பு அழைப்பைச் சேர்க்கச் சொன்னால், பயனர் நிரலிலிருந்து கருவகத்துக்குள் கட்டுப்பாடு நுழையும் வழியை மாணவர் தம் விரலால் தொட்டுப் பார்க்கிறார். ஒரு செயல்முறையை நகலெடுக்கும்போது நினைவகத்தை உடனே படியெடுக்காமல், எழுதும் தருணம் வரும் வரை பகிர்ந்துகொள்ளச் செய்யச் சொன்னால், பக்க அட்டவணை என்ற சொல் அவருக்கு வாழ்நாள் முழுவதும் மறக்காது. பிழையாக எழுதினால் கணினி உறைந்து நிற்கும். ஏன் நின்றது என்று இரண்டு நாள் தேடுவார். அந்த இரண்டு நாள்தான் கல்வி. கம்பைலர் பாடத்துக்கும் இவ்வாறே. எண்களும், கூட்டலும், நிபந்தனையும், சுழற்சியும் மட்டும் உள்ள ஒரு குட்டி மொழிக்கு மூவர் கொண்ட குழு ஒரு பருவத்தில் முழுமையான கம்பைலர் எழுதலாம். ஃபர்ஸ்ட், ஃபாலோ கணங்கள் எதற்கு என்பது அப்போது கேட்காமலே விளங்கும். இந்தியாவின் முன்னணி நிறுவனங்களில் இப்படிக் கற்பிக்கிறார்கள். அந்த விரிவுரைகள் பல இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. 2003 முதல் அரசுப் பணத்தில் என்பிடெல் வழியாக விரிவுரைகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. பற்றாக்குறை பாடப்பொருளில் இல்லை.

கணிமைக் கோட்பாட்டின் கதி இன்னும் இரங்கத்தக்கது. பொது மேடைகளில் பாணினியின் இலக்கணம் கணினி மொழிகளின் முன்னோடி என்ற முழக்கம் ஓய்வதே இல்லை. நிரல்மொழிகளின் இலக்கணத்தை எழுதும் குறியீட்டுக்குப் பாணினியின் பெயரையும் சேர்க்கலாம் என்று 1967இல் இங்கர்மன் எழுதிய குறிப்பு பெருமையுடன் எடுத்துக்காட்டப்படுகிறது. அதே நாட்டில், வடிவ இலக்கணம் என்றால் என்ன என்று கற்பிக்கும் ஒரே இளநிலைப் பாடம் ‘வேலைக்கு உதவாது’ என்று சுருக்கப்படுகிறது. முன்னோரைப் புகழ்வதற்குச் செலவில்லை. அவர்கள் திறந்த துறையைக் கற்பிக்க ஆசிரியரை நியமிக்க வேண்டும்.

எந்த நிரலும் நிற்குமா, நிற்காதா என்பதைப் பொதுவாக முடிவு செய்யும் நிரல் இருக்கவே முடியாது என்று 1936இல் டூரிங் நிறுவினார். ‘எங்கள் கருவி உங்கள் நிரலின் எல்லாப் பிழைகளையும் கண்டுபிடித்துவிடும்’ என்று ஒரு விற்பனையாளர் சொல்லும்போது, அதைக் கேட்டுச் சிரிக்கத் தெரிந்த பொறியாளருக்கும் கையொப்பமிடும் பொறியாளருக்கும் இடையிலுள்ள வேறுபாடு இந்தப் பாடம். எது கணிக்க முடியாதது, எது கணிக்க முடிந்தாலும் காலத்துக்குள் முடியாதது என்னும் எல்லைக்கோடுகளை அறியாதவரைக் கணினி அறிவியலர் என்று அழைப்பது, ஆற்றல் அழிவின்மை விதியை அறியாதவரை இயற்பியலர் என்று அழைப்பதற்கு ஒப்பு.

இந்த மேல்நிலைப் பாடங்கள் இருபத்தோரு வயது மாணவரை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. 2002இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும், ஓர் எண் பகா எண்ணா என்பதை ஊகமின்றிப் பல்லுறுப்புக் காலத்தில் சோதிக்கும் முறையை வெளியிட்டார்கள். கணிதவியலர்கள் நீண்டகாலமாகத் தேடியது அது. 2006இல் கோடல் பரிசும் ஃபுல்கர்சன் பரிசும் அதற்குக் கிடைத்தன. மாணவர் இருவரும் அந்த ஆண்டுதான் இளநிலைப் பட்டம் முடித்திருந்தார்கள். அவர்களுடைய இறுதியாண்டுத் திட்டப்பணி அந்தக் கண்டுபிடிப்புக்கு நேராக இட்டுச் சென்ற படி. எல்லா மாணவரும் அத்தகைய கண்டுபிடிப்பைச் செய்ய வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் அதே இறுதியாண்டுத் திட்டப்பணி நாட்டின் பெரும்பான்மைக் கல்லூரிகளில் என்னவாகியிருக்கிறது? ஏழாம் பருவத்தை வளாக நேர்காணல் விழுங்குகிறது. எட்டாம் பருவத்தில் மாணவர் பயிற்சிப் பணிக்குப் போகிறார் அல்லது வீட்டில் இருக்கிறார். திட்டப்பணி பெருநகரத்து ‘ப்ராஜெக்ட் சென்டரில்’ விலைக்குக் கிடைக்கிறது. நிரலும் அறிக்கையும் வைவா வினாவிடையும் சேர்த்து ஒரே விலை. கல்லூரிக்கு இது தெரியும். கல்லூரிக்குத் தெரியும் என்பது மாணவருக்கும் தெரியும். நான்காண்டுக் கல்வியின் கடைசிப் பாடமாக அவர் கற்றுக்கொண்டு போவது இதைத்தான்.

இழப்பு யாருக்கு என்று கேட்டால்தான் இந்தக் கொடுமையின் முழு உருவம் தெரியும். முன்னணி நிறுவனங்கள் எவையும் இயங்குதளத்தைக் கைவிடவில்லை. அங்கே செயற்கை நுண்ணறிவு படிக்கும் மாணவரும் கட்டமைப்பையும் அல்காரிதங்களையும் படித்தே தீர வேண்டும். கைவிடப்படுவது சிறுநகரத்துக் கல்லூரியில், கல்விக்கடன் வாங்கிச் சேர்ந்த, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு. மேல்தட்டுக்குக் கணினியைக் கட்டும் அறிவு. கீழ்த்தட்டுக்கு அதை இயக்கும் பழக்கம். அறிவை இப்படி இரு பந்திகளாகப் பிரித்துப் பரிமாறுவது இந்த நாட்டுக்குப் புதிதன்று. இப்போது அது ‘தொழில்துறைக்கு ஏற்ற பாடத்திட்டம்’ என்ற இலையில் வருகிறது.

ஏமாற்றின் இரண்டாம் கட்டம் பட்டத்துக்குப் பின் தொடங்குகிறது. மென்பொருள் உருவாக்கும் நிறுவனங்களின் நேர்காணலில் கேட்கப்படுபவை இயங்குதளமும், தரவுத்தளமும், வலையமைப்பும், அல்காரிதங்களுமே. கணினி அறிவியலுக்கான கேட் தேர்வின் பாடத்திட்டத்தில் கணிமைக் கோட்பாடும் கம்பைலரும் இன்றும் இருக்கின்றன. எனவே கல்லூரி கற்பிக்காமல் விட்ட அதே பாடங்களைக் கற்க மாணவர் தனிப்பயிற்சி மையத்துக்கு இரண்டாம் முறை பணம் கட்டுகிறார். கட்ட முடியாதவர், சேவை நிறுவனங்களின் வாசலில் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பெரிதும் நகராத தொடக்க ஊதியத்துக்காக வரிசையில் நிற்கிறார். கருவியைப் பழகியவரின் வேலையைத்தான் நிரல் எழுதும் இயந்திரங்கள் முதலில் கைப்பற்றுகின்றன. இயந்திரம் எழுதித் தந்த நிரலில் எங்கே பிழை, அது ஏன் மெதுவாக ஓடுகிறது, இருவர் ஒரே கணத்தில் பணம் எடுத்தால் என்னாகும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு இடம் இருக்கிறது. அந்தத் தெரிவு மூன்றாம் ஆண்டில் கிடைத்திருக்க வேண்டியது.

ஆசிரியர்களின் மேல் எல்லாப் பழியையும் சுமத்துவது எளிது, நேர்மையன்று. ஒப்பந்த ஊதியத்தில், பருவம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு கையில் திணிக்கப்பட்ட பாடத்தை, அறுபது பேர் கொண்ட வகுப்புகள் இரண்டுக்கு எடுக்கும் ஆசிரியரிடம் எக்ஸ்வி6 ஆய்வகம் நடத்தச் சொல்ல முடியாது. வேறு பொறியியல் துறைகளில் மாணவர் குறைந்ததால் குறுகிய காலப் பயிற்சி ஒன்றை முடித்துக்கொண்டு இயந்திரக் கற்றல் வகுப்புக்கு அனுப்பப்படும் ஆசிரியரும் இதே அமைப்பின் பலியாள்தான். இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம் தாளில் நிற்கிறது. அந்த ஓர் ஆசிரியருக்கு அந்தப் பாடம் தெரியுமா என்று கேட்கும் விதி எங்கும் இல்லை. இடங்களை வரம்பின்றிப் பெருக்க அனுமதித்தவர்கள் ஆசிரியர்களை எங்கிருந்து பெருக்குவது என்று சொல்லவில்லை.

செய்யத்தக்கவை தெளிவானவை. பட்டத்தின் பெயரில் கணினி என்ற சொல்லோ அதன் கிளையொன்றின் பெயரோ இருந்தால், இயங்குதளம், கணினிக் கட்டமைப்பு, வலையமைப்பு, தரவுத்தளம், கணிமைக் கோட்பாட்டுடன் கூடிய கம்பைலர் ஆகிய ஐந்தும் ஆய்வகத்துடன் கட்டாயமாக்கப்பட வேண்டும். அவற்றின் மதிப்பெண்ணில் பாதியாவது மாணவர் கட்டிய ஒன்றுக்கும், அதை அவர் வாய்மொழியாக விளக்குவதற்கும் வழங்கப்பட வேண்டும். புதிய இடங்களுக்கான ஒப்புதலைக் கட்டடத்தின் சதுர அடியோடு நிறுத்தாமல், இந்தப் பாடங்களைக் கற்பிக்கத் தகுதியுள்ள நிரந்தர ஆசிரியர்களின் எண்ணிக்கையோடு இணைக்க வேண்டும். ஏட்டில் அச்சிட்ட விருப்பப் பாடங்களில் சென்ற மூன்று ஆண்டுகளில் உண்மையில் நடத்தப்பட்டவை எவை என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். இவற்றில் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. தேவைப்படுவது, சந்தை கேட்கும் பெயரை ஒட்டுவதோடு தம் கடமை முடிந்தது என்ற எண்ணத்தைக் கைவிடும் மனம்.

அந்த மனம் மேலிருந்து தானாக வராது. கேள்வி கீழிருந்து எழ வேண்டும். இவ்வாண்டு கலந்தாய்வுக்கும் சேர்க்கைக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் வளாகத்தின் புல்வெளியையும், சுவரில் தொங்கும் வேலைவாய்ப்புப் படங்களையும் பார்த்தது போதும். துறைத் தலைவரிடம் மூன்று கேள்விகள் கேட்கட்டும். இந்தப் பட்டத்தில் இயங்குதளமும் கம்பைலரும் கட்டாயமா, விருப்பமா? அவற்றை இப்போது கற்பிக்கும் ஆசிரியர் யார், எத்தனை ஆண்டுகளாகக் கற்பிக்கிறார்? சென்ற ஆண்டு மாணவர்கள் அந்த ஆய்வகங்களில் கட்டிய ஏதேனும் ஒன்றை இயக்கிக் காட்ட முடியுமா? மூன்றாம் கேள்விக்கு விடையாகப் பதிவேடு நீட்டப்பட்டால், அந்தக் கல்லூரியின் கட்டண ரசீதில் கையெழுத்திடுவதற்கு முன் இன்னொரு முறை யோசிப்பது நல்லது.